பென்சில்வேனியா ஜெர்மன் குடும்பத்தின் கொடிவழியைத் தேடுவது எப்படி?

கொன்ராட் வைசர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர், அங்கே பெயர் பெற்ற மனிதர். பழங்குடியினருக்கும் அரசுக்கும் நடுவே நின்று பேசிய துபாஷி. 1760-இல் அங்கேயே இறந்தார். அவருடைய வம்சத்தைத் தேடப் புதிதாக இறங்குகிறவர் முதலில் பிலடெல்பியா துறைமுகத்தின் கப்பல் பட்டியலைத்தான் எடுப்பார். அதில் அவர் கிடைக்க மாட்டார். அந்தப் பட்டியல்கள் 1727-இல் தொடங்குகின்றன. வைசரோ 1710-லேயே சிறுவனாகத் தகப்பனோடு நியூயார்க்கில் இறங்கியவர். பட்டியலில் வேறு ஏதாவது ஒரு கொன்ராடைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனால், யார் வீட்டுப் பாட்டன் பாட்டியையோ நம் வீட்டுப் படத்தில் மாட்டி வைத்ததுபோல் ஆகிவிடும்.

ஆகவே கப்பலிலிருந்து தொடங்காதீர்கள். கப்பல் இந்த வேலையின் பாதி வழியில் வருவது.

எந்தக் காலத்தில் வந்தவர்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அமெரிக்கப் புரட்சிக்கு முன் வந்த ஜெர்மன் குடும்பங்களை மூன்று கூட்டமாக வைத்துக்கொண்டால் போதும். 1683-இல் கிரேஃபெல்ட் ஊரிலிருந்து 13 குடும்பங்கள் ‘கான்கார்ட்’ கப்பலில் வந்து, பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுனை உண்டாக்கின. இது சின்னக் கூட்டம். 1709-இல் ரைன் நதிக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் 3,000 பேர் 1710-இல் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டார்கள். இது இரண்டாவது கூட்டம். 1727-இலிருந்து 1775 வரை ராட்டர்டாம் வழியாகப் பிலடெல்பியாவுக்கு வந்தது மூன்றாவது. இதுதான் பெருங்கூட்டம்.

கூட்டத்துக்குக் கூட்டம் ஆவணம் மாறும். 1709-ஆம் ஆண்டுக் கூட்டத்துக்கு ராட்டர்டாமில் கப்பலேறியவர்களின் பட்டியலும், லண்டனில் எடுத்த கணக்கும் இருக்கின்றன. லண்டன் கணக்கில் தொழில், வயது, மதப்பிரிவு எல்லாம் வரும். நியூயார்க்கில் ஆளுநர் ஹன்டர் உணவுப்படி கொடுத்த கணக்கு 1710 முதல் 1712 வரை உண்டு. அதில் குடும்பத் தலைவரின் பெயரும், பத்து வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை, கீழ்ப்பட்டவர் எத்தனை என்ற எண்ணிக்கையும் மட்டும் இருக்கும். அந்த எண்ணிக்கை திடீரென்று ஒன்று குறைந்தால் வீட்டில் ஒரு சாவு, அல்லது ஒரு பிள்ளையை எங்கோ விட்டுவிட்டார்கள் என்று பொருள். அனாதையான பிள்ளைகளையும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளையும் அரசே ஊராரிடம் தொழில் பழக ஒப்படைத்தது. வைசரின் தம்பிமார் இருவர் அப்படித்தான் லாங் ஐலண்டுக்குப் போனார்கள். அந்த ஒப்பந்தப் பதிவுகளும் இன்றைக்குப் படிக்கக் கிடைக்கின்றன.

இன்றிலிருந்து பின்னோக்கி, ஒரு தலைமுறை ஒரு படி

உயிரோடிருப்பவரிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். ஒவ்வொரு படியிலும் ‘இன்னாருக்கு இன்னார் பிள்ளை’ என்று சொல்லும் ஒரு காகிதமாவது கையில் வேண்டும். அது இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது.

பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1906-இல்தான் தொடங்கியது. இறப்புச் சான்று 50 ஆண்டு கழிந்தால் பொதுப் பார்வைக்கு வரும். பிறப்புச் சான்றுக்கு 105 ஆண்டு. இறப்புச் சான்றில் தாய் தகப்பன் பெயர் இருக்கும். ஆனால் அந்தத் தகவலைக் கொடுத்தவர் யார் என்று சான்றின் கீழேயுள்ள கட்டத்தைப் பாருங்கள். இறந்தவருக்குத் தன் அம்மா பெயர் தெரிந்திருக்கும். சான்றுக்குத் தகவல் சொன்ன மருமகனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தப்பாகிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

அதற்கு மேலே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் இந்தக் கணக்கில் இப்போது 1950 வரை திறந்திருக்கிறது. 1900-ஆம் ஆண்டுக் கணக்கில் பிறந்த மாதமும் ஆண்டும், ஒரு பெண் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்பவர் எத்தனை என்பதும் இருக்கும். 1890-ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் தீ விபத்தில் போய்விட்டது. 1880-இல் வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதினார்கள். 1850, 1860, 1870 மூன்றிலும் எல்லோர் பெயரும் உண்டு, உறவு கிடையாது. ஒரே கூரையின் கீழ் ஒரு கிழவர், ஒரு நடுவயதுப் பெண், நான்கு பிள்ளைகள் என்று இருந்தால் அவர்கள் தாத்தா, மகள், பேரப்பிள்ளைகள் என்று நீங்களே எழுதிவிடாதீர்கள். இரண்டாம் தாரமாகவும் இருக்கலாம்.

1850-க்கு முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். 1790-க்கும் 1850-க்கும் நடுவிலுள்ள இந்த அறுபது ஆண்டுதான் புதியவர்கள் வழுக்கி விழும் இடம். இங்கே கணக்கெடுப்பு கைவிடும். உயில், நிலப்பத்திரம், வரிப்பட்டியல், சபைப் பதிவேடு இந்த நான்கும்தான் கைகொடுக்கும்.

வரிப்பட்டியலை யாரும் மதிப்பதில்லை. அதில் பெயரும் வரித்தொகையும் தவிர வேறென்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். பென்சில்வேனியாவில் 21 வயது தாண்டிய மணமாகாத ஆண்களுக்குத் தனியாக வரி போட்டுத் தனியாக எழுதினார்கள். ஒரு பெயர் அந்தத் தனிப்பட்டியலில் முதலில் தென்படும் ஆண்டில் அவருக்கு வயது 21-ஐ ஒட்டி இருக்கும். அங்கிருந்து மறைந்து குடும்பஸ்தர் பட்டியலில் வந்தால் இடையில் கல்யாணம் நடந்திருக்கிறது. திருமணப் பதிவே இல்லாத வீட்டில் இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது.

ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது

துல்பெஹாக்கன் பகுதியில் வைசர் 1729-இல் குடியேறினார். அந்த ஆண்டில் லான்காஸ்டர் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), செஸ்டரிலிருந்து பிரிந்தது. 1752-இல் லான்காஸ்டரிலிருந்து பெர்க்ஸ் பிரிந்தது. அதே பகுதியின் ஒரு பாகம் 1813-இல் லெபனான் கவுன்டிக்குப் போனது. ஒரே வீட்டில் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் ஆவணங்கள் மூன்று நான்கு நீதிமன்றங்களில் சிதறிக் கிடப்பது இதனால்தான். புது கவுன்டி பிரியும்போது பழைய ஏடுகள் பழைய ஊரிலேயே தங்கிவிடும். எனவே உங்கள் டவுன்ஷிப் (கவுன்டிக்குள் அடங்கும் சிறு பிரிவு) எந்தெந்த ஆண்டில் எந்தெந்தக் கவுன்டியில் இருந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்று கைவிட்ட தேடல்களில் பல, தப்பான நீதிமன்றத்தில் தேடியவை.

பெயர்: இங்கே தமிழருக்கு ஒரு வசதி

தென்மேற்கு ஜெர்மன் பேச்சில் B-யும் P-யும் ஒன்றுபோல ஒலிக்கும், D-யும் T-யும் அப்படியே, G-யும் K-யும் அப்படியே. ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். அதனால் ஒரே குடும்பம் ஓரிடத்தில் பென்டர் (Bender), இன்னோரிடத்தில் பெயின்டர் (Painter). ஆங்கிலத்தில் தேடுகிறவர்கள் இரண்டு முதலெழுத்துகளிலும் மாறி மாறித் தேட வேண்டும். தமிழ் எழுத்தில் பழகியவருக்கு இது விளக்காமலே புரியும்: பெயரை ஒருமுறை தமிழில் எழுதிப் பாருங்கள், ஒன்றாக வருபவற்றையெல்லாம் தேடுங்கள்.

உதட்டைக் குவித்துச் சொல்லும் ஜெர்மன் உயிரெழுத்துகள் அந்தப் பேச்சில் தட்டையாகிவிடும். போம் என்பது பீம் ஆகும். யுங் என்பது யங் ஆவதும், ஹூபர் என்பது ஹூவர் ஆவதும் ஒலியை ஒட்டியவை. அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் குடும்பமும் இந்த ஹூபர்தான். ஐசன்ஹவர் குடும்பம் 1741-இல் ஐசன்ஹௌவர் என்ற பெயரோடு வந்தது. இவற்றைவிடச் சிக்கலானவை மொழிபெயர்த்துக்கொண்ட பெயர்கள். ட்ஸிம்மர்மன் கார்ப்பென்டர் ஆனார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார், கோனிக் கிங் ஆனார். அண்ணன் ட்ஸிம்மர்மனாகவே இருக்க, தம்பி மட்டும் கார்ப்பென்டர் ஆன வீடுகளும் உண்டு. ‘எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்’ என்று குடும்பத்தில் கதை சொன்னால் ஒதுக்கிவையுங்கள். நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிந்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-இல்.

முதற்பெயர் இன்னும் பெரிய குழி. ஞானஸ்நானத்தில் இரண்டு பெயர் வைப்பார்கள். முன்னால் வரும் யோஹான் அல்லது ஆன்னா, மரியா என்பது அலங்காரம். பின்னால் வருவதே கூப்பிடும் பெயர். யோஹான் ஜார்ஜ், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் என்று ஒரு தகப்பனுக்கு மூன்று யோஹான்கள் இருக்கலாம். ஊரில் அவர்கள் ஜார்ஜ், பீட்டர், ஆடம். ஆனால் ‘யோஹானஸ்’ என்று தனியாக, நீட்டி இருந்தால் அதுவே கூப்பிடும் பெயர், ஆங்கிலத்தில் ஜான். யோஹான் ஜார்ஜை ஜான் என்று நினைத்துத் தேடி இழந்த மாதங்களுக்கு அளவில்லை. சுருக்கப் பெயர்களையும் மனத்தில் வையுங்கள்: ஷ்டோஃபல் என்றால் கிறிஸ்டோஃப், ஃபெல்டன் என்றால் வாலன்டீன், நிக்கல் என்றால் நிக்கலாஸ், பாஸ்டியன் என்றால் செபாஸ்டியன்.

பெண்ணின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி சேரும். வைசரின் என்றால் வைசர் வீட்டுப் பெண். அட்டவணை போட்டவர் இதைத் தனிக் குடும்பப் பெயரென்று நினைத்து வேறிடத்தில் அடுக்கியிருப்பார். குழந்தை இறந்தால் அடுத்ததற்கு அதே பெயரை வைப்பதும் வழக்கம். 1731-இலும் 1734-இலும் ஒரே வீட்டில் ஒரே பெயர் கண்டால் முதல் குழந்தை போய்விட்டது என்று கொள்ளலாம், ஆனால் அடக்கப் பதிவில் சரிபார்த்த பிறகு.

இன்னொன்று. அக்கால ஆவணத்தில் ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்றால் தகப்பனும் மகனும் என்று பொருளில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார்.

சபைப் பதிவேட்டில் ஞானப்பெற்றோரைப் படியுங்கள்

லூத்தரன், ரிஃபார்ம்டு என்று இரண்டு சபைகள் பெரிது. இரண்டும் சேர்ந்து ஒரே கட்டடத்தைக் கட்டிக்கொண்டு ஞாயிறுக்கு ஞாயிறு மாறி மாறி ஆராதனை நடத்திய கூட்டுக் கோயில்கள் நிறைய. அங்கே ஏடும் இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். கணவன் ஒரு சபை, மனைவி இன்னொன்று என்றால் பிள்ளைகள் இரண்டிலும் சிதறியிருப்பார்கள். சுற்றித் திரிந்த போதகர்கள் சொந்த ஏட்டிலும் எழுதினார்கள். யோஹான் காஸ்பர் ஷ்டோவர் 1730 முதல் 1779 வரை நடத்திய ஞானஸ்நானங்களும் திருமணங்களும் அப்படி ஒரே ஏட்டில் கிடக்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. மென்னோனைட், ஆமிஷ் குடும்பமென்றால் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது. ஆகவே ஏட்டைத் தேடாமல் நேரே உயிலுக்கும் பத்திரத்துக்கும் போங்கள். மொரேவியன் என்றால் உங்களுக்கு யோகம்: ஒவ்வொருவர் சாவிலும் வாழ்க்கைக் குறிப்பு எழுதி வைத்த சபை அது, ஏடுகள் பென்சில்வேனியாவிலேயே உள்ள பெத்லஹேம் நகரத்து ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு ஞானஸ்நானப் பதிவில் குழந்தை, தகப்பன், தாய், பிறந்த நாள், திருமுழுக்கு நாள் இவை தெரிந்ததும் புதியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். கடைசி வரியில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் (திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) பெயர்கள் இருக்கின்றன. அங்கேதான் உறவு ஒளிந்திருக்கிறது. தாயின் தங்கை, தகப்பனின் அண்ணன், பழைய ஊரின் அண்டை வீட்டார் இவர்களைத்தான் அழைப்பார்கள். ஆறு பிள்ளைகளின் ஞானப்பெற்றோரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மூன்று முறை திரும்ப வரும் குடும்பப் பெயர் எதுவோ, அது பெரும்பாலும் தாய்வீடு.

படமும் பூவும் பறவையும் தீட்டி வீட்டில் வைத்திருந்த ஞானஸ்நானச் சான்றுகளும் பல குடும்பங்களில் உண்டு. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் டவுன்ஷிப்பும் அதில் அழகாக இருக்கும். ஆனால் பலவற்றைக் குழந்தை வளர்ந்து ஆளான பிறகு, ஊர் ஊராகத் திரிந்த எழுத்தர்கள் நிரப்பிக் கொடுத்தார்கள். ஏட்டோடு முரண்பட்டால் ஏட்டையே நம்புங்கள். புரட்சிப் போரில் சண்டையிட்டவர் அல்லது அவர் விதவை ஓய்வூதியம் கேட்டபோது சான்றுக்காகக் குடும்ப பைபிளின் பக்கத்தையும் இந்தச் சித்திரச் சான்றையும் கிழித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இல்லாதது வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்பில் இருக்கலாம்.

உயில், அனாதை நீதிமன்றம், தாய்ப்பத்திரம்

உயிலில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்று நம்பாதீர்கள். நிலம் முன்பே கொடுத்து அனுப்பிய மூத்த மகன் விடுபட்டிருப்பான். ‘என் இப்போதைய மனைவி’ என்று வந்தால் முதல் மனைவி இருந்தாள் என்று துள்ளவும் வேண்டாம். அது வக்கீல் நடை.

உயில் எழுதாமல் செத்தவரே நமக்கு நல்லவர். அப்போது வழக்கு அனாதை நீதிமன்றத்துக்குப் போகும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: தாய் இருந்தாலும் தகப்பன் இல்லாத பிள்ளை அந்த நீதிமன்றத்துக்கு அனாதைதான். நிலத்தைப் பங்கிட வேண்டியிருந்ததால் எல்லாப் பிள்ளைகள் பெயரும், கட்டிக்கொடுத்த பெண்களின் கணவன்மார் பெயரும், இறந்த பிள்ளையின் பிள்ளைகளும் வரிசையாக வருவார்கள். 1794 வரை மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. மற்றவர்கள் ஏழில் ஒரு பங்கு வாங்கியிருந்தால், மூத்தவனின் இரண்டைக் கழித்தால் மற்றவர்கள் ஐந்து, அவனோடு மொத்தம் ஆறு பிள்ளைகள் என்று கணக்கே சொல்லிவிடும். உங்கள் கையில் ஐந்து பெயர்தான் என்றால் ஒருவர் எங்கோ காத்திருக்கிறார்.

நிலத்துக்கு மூன்று காகிதம்: விண்ணப்பத்தின் மேல் கொடுத்த உத்தரவு, அளவை வரைபடம், கடைசியாகப் பட்டா. மூன்றுக்கும் நடுவே முப்பது நாற்பது ஆண்டுகூட ஓடியிருக்கும். உத்தரவு வாங்கியவர் ஒருவர், பட்டா வாங்கியவர் இரண்டு கை மாறிய பிறகு வந்த இன்னொருவர். நம் ஊரில் தாய்ப்பத்திரம் தேடுவதுபோல இங்கேயும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பாருங்கள். இவை ஹாரிஸ்பர்க்கிலுள்ள மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அளவை வரைபடத்தில் நான்கு பக்கமும் அடுத்த நிலக்காரர் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களையும் ஞானப்பெற்றோர் தாளில் சேருங்கள். பின்னால் கப்பல் பட்டியலில் இதே பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது உங்கள் ஆள் எவர் என்பது தானே தெரியும்.

இப்போது கப்பல்

1727 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஒரு ஏற்பாடு வந்தது: வந்திறங்கும் வெளிநாட்டு ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல்வரை உண்டு. ஒன்று கப்பல் தலைவர் கொடுத்தது. ஆங்கிலக் காது எழுதியது என்பதால் எழுத்துக்கூட்டல் கோரமாக இருக்கும். மற்ற இரண்டும் வந்தவர்களே போட்ட கையெழுத்து: ஒன்று விசுவாச உறுதிமொழி, இன்னொன்று போப்புக்கும் பழைய அரச வம்சத்துக்கும் எதிரான மறுப்பு உறுதிமொழி. இவற்றை ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கியும் 1934-இல் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். இரண்டாவது தொகுதி கையெழுத்துகளின் நிழற்பிரதி. சில மறுபதிப்புகளில் அந்தத் தொகுதியை விட்டுவிட்டார்கள். தேடிப் பிடித்துப் பாருங்கள்.

ஏன் என்றால், உயிலின் அடியிலும் அதே கை இருக்கிறது. 25 வயதில் போட்ட கையெழுத்தையும் 60 வயதில் போட்டதையும் அருகருகே வையுங்கள். முதலெழுத்தின் வளைவு, கடைசி எழுத்தின் வால், பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையிலுள்ள இடைவெளி இவை எளிதில் மாறுவதில்லை. ஒரே பெயரில் நான்கு பேர் வந்திருந்தால் இந்த ஒப்பீடுதான் அறுத்துச் சொல்லும். கையெழுத்துத் தெரியாதவர் குறி போடுவார்; குமாஸ்தா பக்கத்தில் பெயர் எழுதுவார். உங்கள் ஆள் உயிலில் சரளமாகக் கையெழுத்திட்டிருக்க, கப்பலில் குறி போட்டவரை அவர் என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் பட்டியலில் இல்லை. நோயாய்ப் படுத்திருந்த ஆண்களும் கையெழுத்துப் பட்டியலில் விடுபடுவார்கள். பட்டியலில் ‘ராட்டர்டாமிலிருந்து’ என்று இருப்பது கப்பல் கிளம்பிய இடம்; வந்தவரின் ஊர் அன்று. ‘பாலட்டின்’ என்பதும் அப்படித்தான்: பாலட்டினேட் நாட்டவர், வூர்ட்டம்பெர்க்காரர், சுவிஸ்காரர் எல்லோரையும் ஆங்கிலேயர் ஒரே பெயரில் அழைத்தார்கள்.

கடலைத் தாண்டுவது

ஊர்ப் பெயர் தெரியாமல் ஜெர்மனிக்குப் போகாதீர்கள். அங்கே எல்லாமே ஊர்வாரி. ஊர்ப் பெயர் கிடைக்கும் இடங்கள்: அமெரிக்கச் சபையின் அடக்கப் பதிவு, கல்லறைக் கல், குடும்ப பைபிள், மொரேவியன் வாழ்க்கைக் குறிப்பு, ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் ஸௌர் 1739-இலிருந்து அச்சிட்ட ஜெர்மன் பத்திரிகையில் ‘இன்ன ஊரிலிருந்து வந்த என் அண்ணனைத் தேடுகிறேன்’ என்று வந்த விளம்பரங்கள். ஜெர்மனியிலிருந்து பார்த்தால், அடிமைக் குடிமையிலிருந்து விடுவிக்கக் கட்டணம் வாங்கியதற்கான அரசுக் குறிப்புகள். ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தின் ஆவணக்காப்பகமும் உதவும். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் சார்ந்திருந்த பக்தி இயக்கத்தின் தலைமையிடம் அதுதான். 1742-இல் பென்சில்வேனியாவுக்கு மூலன்பெர்க் போதகரை அனுப்பியதும் அவர்களே. தரங்கம்பாடிக் கடிதங்களும் பென்சில்வேனியாக் கடிதங்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

வைசர் தன் குறிப்பில் 1696 நவம்பர் 2-இல் பிறந்ததாகச் சொல்லி, ஊரை ‘அஸ்டெட்’ என்று எழுதுகிறார். வரைபடத்தில் அப்படி ஊரில்லை. ஹெரன்பெர்க் அருகே ஆஃப்ஷ்டெட் இருக்கிறது. ஞானஸ்நானம் நடந்ததோ பக்கத்து ஊரான குப்பிங்கனில். ஏட்டைத் தேட வேண்டிய இடம் குப்பிங்கன். ஆனால் குடும்பத்தின் சொந்த ஊர் இரண்டுமில்லை. தகப்பன் படையில் இருந்ததால் பிள்ளை அங்கே பிறந்தது, 1709-இல் குடும்பம் கிளம்பியது கிராஸ்அஸ்பாக்கிலிருந்து. ஒரு பிள்ளையின் பிறந்த ஊரை மட்டும் வைத்துக்கொண்டு தாத்தாவைத் தேடினால் கிடைக்க மாட்டார். சின்ன ஊர்களுக்குத் தனிச் சபை இருக்காது என்பதையும், எழுத்துக்கூட்டலை வாய்விட்டுப் படித்தால்தான் ஊர் தெரியும் என்பதையும் இந்த ஒரு வரியில் பார்த்துக்கொள்ளலாம்.

புராட்டஸ்டன்ட் ஏடுகளுக்கு ‘ஆர்க்கியான்’ இணையதளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்க ஏடுகளுக்கு ‘மாட்ரிகுலா’, இலவசம். ‘ஃபேமிலிசர்ச்’ இலவசம், ஆனால் சில ஏடுகளை அவர்களுடைய மையத்துக்குப் போனால்தான் திறக்கும். அந்த ஊருக்கு ஊர்க் குடும்பநூல் தொகுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் பாதி வேலை முடிந்தது. முப்பதாண்டுப் போரிலும், 1688 முதல் 1697 வரை பிரெஞ்சுப் படை பாலட்டினேட்டைக் கொளுத்தியபோதும் ஏடுகள் பல எரிந்தன. அங்கே 1650-க்கு முன்னால் ஒன்றும் இல்லையென்றால் சுவிட்சர்லாந்தையும் நினைத்துப் பாருங்கள். போருக்குப் பின் காலியான ஊர்களில் குடியேறியவர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

பெயர் பொருந்தும் ஞானஸ்நானம் கிடைத்தவுடன் குதிக்கக் கூடாது. அந்தப் பிள்ளை அதே ஊரில் செத்ததா, வளர்ந்து கல்யாணம் செய்து அங்கேயே இருந்ததா என்று அடக்க ஏட்டையும் திருமண ஏட்டையும் புலம்பெயர்ந்த ஆண்டுக்குப் பின்னும் முப்பது ஆண்டு புரட்டுங்கள். 1738-இல் கடல் தாண்டியவர் 1745-இல் சொந்த ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க முடியாது. இந்த ஒரு சோதனையில் இணையத்து வம்ச மரங்கள் பல விழுந்துவிடும்.

கையெழுத்தும் நாட்காட்டியும்

பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க ஒரு மாதம் பழக வேண்டும், குறுக்குவழி கிடையாது. உங்கள் குடும்பப் பெயரையும் ‘பிறந்தது’, ‘இறந்தது’, ‘மகன்’, ‘மகள்’ என்ற சொற்களையும் அந்த எழுத்தில் நூறு முறை எழுதிப் பழகினால் கண் பிடித்துக்கொள்ளும். ஏட்டில் ‘7பர்’ என்று இருந்தால் ஜூலை என்று எழுதாதீர்கள். அது செப்டம்பர், லத்தீனில் ‘செப்டெம்’ ஏழு. 8பர் அக்டோபர், 9பர் நவம்பர். ஞாயிறுகளை ‘திரித்துவத் திருநாளுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு’ என்று மட்டும் எழுதிய போதகர்களும் உண்டு; ஈஸ்டர் அட்டவணை பக்கத்தில் வேண்டும்.

நாட்காட்டி இன்னும் தொல்லை. புராட்டஸ்டன்ட் ஜெர்மனி 1700-இல் புது நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஆங்கிலக் குடியேற்றங்கள் 1752-இல்தான் மாறின. செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. அதுவரை 11 நாள் வித்தியாசம், ஆண்டுப் பிறப்பும் மார்ச் 25. ஆங்கில ஆவணத்தில் 1733 பிப்ரவரி என்பது நம் கணக்கில் 1734.

கல்லறையில் பிறந்த நாள் இல்லாமல் வயது மட்டும் இருக்கும். 1788 மார்ச் 10-இல் சாவு, வயது 63 ஆண்டு 8 மாதம் 20 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டைக் கழித்தால் 1725 மார்ச் 10; மாதத்தைக் கழித்தால் 1724 ஜூலை 10; நாளைக் கழித்தால் ஜூன் 20. அவர் பென்சில்வேனியாவில் பிறந்தவரென்றால் அன்றைய ஆங்கில ஏட்டில் ஜூன் 9 என்றிருக்கலாம். இரண்டு ஆள் என்று பிரித்துவிடாதீர்கள்.

கீழே இறங்குவது: சந்ததி

மேலே ஏறுவதைவிடச் சந்ததியைத் தொகுப்பது நீண்ட வேலை. பெண்பிள்ளைகளை விடாதீர்கள். வைசருக்குப் பதினான்கு பிள்ளைகள், பாதிப்பேர்தான் ஆளானார்கள். மகள் ஆன்னா மரியாவை 1745-இல் மூலன்பெர்க் போதகர் மணந்தார். அவர்கள் மகன் ஃபிரெடரிக் 1789-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர், இன்னொரு மகன் பீட்டர் புரட்சிப் போரின் தளபதி. குடும்பப் பெயரை மட்டும் பிடித்துப் போனால் இவர்கள் யாரும் கைக்கு வரமாட்டார்கள்.

ஒருவர் ஊரைவிட்டு மறைந்தால் திசைகள் சில உண்டு: 1730-களிலிருந்து தெற்கே ஷெனன்டோவா பள்ளத்தாக்கு, அங்கிருந்து வட கரோலினா, புரட்சிக்குப் பின் மேற்கே ஓஹையோ, மென்னோனைட் என்றால் 1800-ஐ ஒட்டி வடக்கே ஒன்டாரியோ. தனியாகப் போகமாட்டார்கள். அந்த ஞானப்பெற்றோர் தாளை எடுத்துக்கொண்டு புது ஊரின் வரிப்பட்டியலைப் பாருங்கள். பழைய அண்டை வீட்டார் நான்கைந்து பேர் அங்கேயும் அண்டை வீட்டாராக இருந்தால் உங்கள் ஆளும் அவரே.

மரபணுச் சோதனையை அளவோடு நம்புங்கள். மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட உறவில், அதாவது பாட்டனின் பாட்டன் ஒருவரே ஆனவர்களிடையே, பொதுவான மரபணுத் துண்டு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். நான்காம் நிலையில் சுமார் பாதிப்பேரிடம் ஒன்றுமே இருக்காது. 1740-இல் வந்தவரைத் தேடும் நமக்கு உறவு ஆறு ஏழு நிலை தள்ளிப் போய்விடும். போதாததற்கு இந்த ஊர்களில் அவர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். துண்டு பொருந்தினாலும் எந்தப் பாட்டன் வழி என்று தெரியாது. ஆண்வழி குரோமோசோம் சோதனை மட்டும் இங்கே பயன்படும்: வெவ்வேறு எழுத்துக்கூட்டலுள்ள இரண்டு குடும்பம் ஒரே வழியா இல்லையா என்று சொல்லும்.

எண் போடுவதற்கு இரண்டு முறை. மேலே ஏறும் பட்டியலில் நீங்கள் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். 12-க்குத் தகப்பன் 24, தாய் 25. கீழே இறங்கும்போது குடியேறியவர் 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, பேரன் 1.2.3 என்று புள்ளியிட்டுப் போகலாம். பிறகு இடையில் ஒரு பிள்ளை கிடைத்தால் அதற்குக் கீழேயுள்ள எண் எல்லாம் மாறும்; அதனால் அனாதை நீதிமன்றக் கணக்குப் பார்த்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை உறுதியாகும்வரை எண் போடாமல் பெயரும் பிறந்த ஆண்டும் வைத்தே கோப்பை வளருங்கள். சான்று முழுமையாக இல்லாத இணைப்பைக் கோடு கோடாக வரைந்து, ஏன் சந்தேகம் என்று பக்கத்திலேயே இரண்டு வரி எழுதுங்கள். உயிரோடிருப்பவர் பெயரும் பிறந்த நாளும் இணையத்தில் ஏற்றும் பிரதியில் வேண்டாம். அங்கே ‘வாழ்கிறார்’ என்று மட்டும் போட்டால் போதும்.